முதுமையின் பெயரால்

விருத்தாசலம் என்னும் பெயரைத் தமிழில் சொன்னால் முதுகுன்றம். பழமலை என்றும் கூறுவர். நமது நல்லூர் அந்த முதுகுன்றத்தை அடுத்துள்ள ஊர். பெயரிலேயே முதுமையைத் தாங்கிய வட்டாரத்தில் பிறந்ததாலோ என்னவோ, முதுமையிடம் நம் மக்களுக்கு ஒரு பணிவு உண்டு. அறுபதைக் கடந்தவர் இளைத்துப் போனால், ‘வயசாகிவிட்டது’ என்கிறோம். இரவெல்லாம் இருமினால் அதற்கும் அதே பதில். உணவு குறைந்தாலும், நடை தளர்ந்தாலும், பேரப்பிள்ளையின் பெயர் மறந்து போனாலும் அந்த ஒரு சொல்லே விளக்கமாகிவிடுகிறது. அதற்கு மேல் நாமும் கேட்பதில்லை. மருத்துவரும் பல வேளைகளில் கேட்பதில்லை. அச்சொல்லின் மறைவில் இருந்துகொண்டு, மருந்துள்ள நோய் ஒன்று நம் பெரியவர்களைக் கொண்டுபோவதை நாம் அருகிலிருந்து பார்த்தோம். அதைப் பற்றிச் சில சொல்லவே இதனை எழுதுகிறோம்.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் சிலர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வினவினர். செய்துகொள்ளுமாறு பணித்த அண்ணலார், எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறைவன் படைக்கவில்லை என்றும், அதற்கு விலக்கு ஒன்றே ஒன்று, அது முதுமை என்றும் அருளினார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இச்செய்தியைக் காணலாம். இந்த நபிமொழியை ஓர் ஆறுதலாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அதற்குள் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கிறது. மருந்துள்ளது எது, மருந்தில்லாதது எது என்று பிரித்தறியும் பொறுப்பு அது. மருந்துள்ள ஒரு நோய்க்கு முதுமை என்று பெயர் சூட்டிவிட்டால், இறைவன் திறந்து வைத்த வாயிலை நாமே அடைத்தவர்களாகிறோம்.

நாம் குறிப்பிடும் நோய் எச்.ஐ.வி. இப்பெயரைப் படித்ததும் சிலர் இதழை மூடிவிட எண்ணலாம். இளைஞரைப் பற்றிய நோயன்றோ இது, பேரன் பேத்தி கண்டவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியே ஓர் உயிரை வாங்கிய கதையைச் சொல்கிறோம். அக்குடும்பத்தின் இசைவு பெற்றும், அடையாளங்களை மாற்றியுமே சொல்கிறோம்.

அவர் நம் ஊர்க்காரர். இளமையில் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். பொம்மைகளுக்கு அச்சு வார்ப்பதும், மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்களைச் சூளையில் அடுக்குவதுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஐவேளைத் தொழுகையாளி. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் அவர் நிற்காத நாளை நாம் கண்டதில்லை. வெண்தாடியும் தொப்பியுமாக அவர் தெருவில் வந்தால் சிறுவர்கள் விளையாட்டை நிறுத்தி ஸலாம் சொல்வார்கள்.

அறுபத்திரண்டாம் வயதில் அவருக்கு மார்பின் ஒரு பக்கம் அக்கி கண்டது. குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் ஆறியது, எரிச்சல் மட்டும் ஆறவில்லை. மறு ஆண்டு நாக்கில் வெள்ளைப் படலம் படிந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு என்றார்கள். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. சர்க்கரை என்றார்கள். சோதித்ததில் சர்க்கரை சிறிதளவு இருக்கவே செய்தது. ஆகவே அதுவே காரணம் என்று முடிவாயிற்று. வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் நீடித்தது. குடல் புண் என்றார்கள். இருமல் வந்தபோது எவருக்கும் ஐயமே எழவில்லை. பீங்கான் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் கெடுவது இவ்வட்டாரம் அறிந்த செய்தி. மணற்சத்து நிறைந்த அத்தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் என்பதும், அத்தகைய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதும் மெய்யே. ஆனால் ஒரு மெய் இன்னொரு மெய்யை மறைத்துக்கொண்டு நின்றது.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அவர் பார்த்த மருத்துவர்கள் நால்வர். குருதி பலமுறை எடுக்கப்பட்டது. மார்புப் படம், வயிற்று ஸ்கேன், குடலுள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை எல்லாம் நடந்தன. சூளையில் உழைத்துச் சேர்த்த பணம் கரைந்தது. செய்யப்படாத சோதனை ஒன்றே ஒன்றுதான். அதுவோ இலவசமானது, விரல் நுனியில் ஒரு துளிக் குருதி போதும், சில நிமிடங்களில் விடை தெரியும்.

அவர் மூச்சுத் திணறலுடன் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, பணிக்கு வந்து சில மாதங்களே ஆன இளம் பெண் மருத்துவர் ஒருவர் பழைய சீட்டுகளையெல்லாம் வரிசையாக அடுக்கிப் படித்தார். பிறகு அவரருகே அமர்ந்து, “ஐயா, எல்லாரையும் கேட்பதைத்தான் உங்களையும் கேட்கிறேன். எச்.ஐ.வி. சோதனை எப்போதாவது செய்ததுண்டா?” என்றார். அருகில் நின்ற மகனுக்குக் கோபம் பொங்கியது. பெரியவரோ, “இல்லையம்மா, யாரும் கேட்கவில்லை. செய்யுங்கள்” என்று அமைதியாகச் சொன்னார். மறுநாள் விடை தெரிந்தது. நோயெதிர்ப்புக்குரிய சி.டி.4 அணுக்கள் நலமுள்ள ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். இருநூறுக்குக் கீழே சென்றால் நோய் முற்றிய நிலை என்பர். அவருக்கு இருந்தவை 41. இருபத்து மூன்றாம் நாள் அவர் இறைவனிடம் மீண்டார்.

இந்த நால்வரும் திறமையற்றவர்கள் என்று நாம் கருதவில்லை. அவர்களுடைய கண்ணுக்கு முன்னே தாடியும் தொப்பியும் அறுபது வயதும் நின்றன. அந்தக் கேள்வியைக் கேட்டால் பெரியவர் மனம் புண்படுமே என்று தயங்கியிருப்பர்; அல்லது கேட்க வேண்டும் என்றே தோன்றியிராது. மரியாதை என்று நாம் போற்றும் அந்தத் தயக்கமே அவருக்குக் கிடைக்க வேண்டிய மருந்தை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

சற்று ஆராய்ந்தால், இது ஒருவருடைய குறை மட்டுமன்று என்பது விளங்கும். நம் நாட்டில் ஒருவர் இச்சோதனையைச் சந்திக்கும் வழிகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். கருவுற்ற பெண்ணுக்கு மகப்பேற்றுக்கு முன் சோதிக்கிறார்கள். குருதிக்கொடை தருபவரின் குருதியைச் சோதிக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு முதல் இது கட்டாயம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவரை விசாவுக்காகச் சோதிக்கிறார்கள். கிருமி இருந்தால் அந்நாடுகள் அனுமதிப்பதில்லை. காசநோய் உறுதியானவரைச் சோதிக்கிறார்கள். இவற்றுள் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை இளமைக்கும் நடுவயதுக்கும் உரிய வாயில்கள். மகப்பேறு முடிந்த தாய்க்கு முதல் வாயில் அடைபடுகிறது. குருதிக்கொடைக்கு அறுபத்தைந்து வயதோடு வரம்பு வந்துவிடுகிறது. சபர் முடித்துத் திரும்பிவிட்டவருக்கு, பயணத்துக்காகச் செய்ததே வாழ்நாளின் கடைசிச் சோதனையாக நின்றுவிடுகிறது. நம் சமுதாயத்தில் துபாய், சவூதி, குவைத் என்று உழைத்துத் திரும்பியோர் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள்! அவர்கள் திரும்பி வந்தபின், அவர்களையோ அவர்தம் மனைவியரையோ எவரும் அழைத்துக் கேட்பதில்லை.

கணக்கெடுப்போரும் இவ்வழியிலேயே சென்றனர். எச்.ஐ.வி. பரவலை அளக்க 15 முதல் 49 வயது வரையுள்ளோரையே அளவுகோலாகக் கொள்வது உலக வழக்கம். நமது தேசியக் குடும்ப நல ஆய்வும் இந்நோயைப் பற்றிய அறிவை வினவும்போது, பெண்களை 49 வயதோடும் ஆண்களை 54 வயதோடும் விட்டுவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியோர் நிலைமையைத் தனியே எடுத்துக்காட்டி, ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு 2013ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் அப்போது அவ்வயதினர் 36 இலட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்வதாக அது மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சேராதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

நோயும் நம்மோடு சேர்ந்தே மூத்திருக்கிறது. இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் பயின்ற நிர்மலா என்ற மாணவியார், பெண்கள் சிலரின் குருதியைத் தாமே சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு பேரிடம் கிருமி இருந்தது. அன்று இருபத்தைந்து வயதாயிருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது. காசநோயாளருக்கென 1928இல் எழுந்த தாம்பரம் சானடோரியம் இந்நோயாளர்க்கும் பெரும் புகலிடமாயிற்று. அம்மருந்தின் பயனால் இளமையில் நோய் அறிந்தவர்கள் முதுமையைக் காண்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இது பெரும் பேறு. அவர்களுடைய நிலை வேறு. முதுமையில்தான் முதன்முதலாக நோயை அறிபவர்களின் நிலை வேறு. நம் கவலை இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியது.

ஏனெனில் தாமதம் இளைஞரைவிட முதியவரையே கடுமையாகத் தாக்குகிறது. நோயெதிர்ப்பு அணுக்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. ஆகவே இழந்த அணுக்களை முதிய உடல் விரைவில் ஈடுசெய்ய முடிவதில்லை. வீரியமிக்க மருந்துகள் வருமுன் இருந்த நிலையை ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளின் மருத்துவர்கள் தொகுத்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டனர். 15 முதல் 24 வயதுக்குள் கிருமி தொற்றியவர்களில் பாதிப்பேர் பன்னிரண்டரை ஆண்டுகள் கடந்தும் வாழ்ந்திருந்தனர். 45 முதல் 54 வயதுக்குள் தொற்றியவர்க்கு அந்தக் காலம் எட்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு. இளைஞருக்குக் கிடைக்கும் அவகாசம் முதியவருக்கு இல்லை. அவகாசம் குறைந்தவரையே நாம் அதிகம் காக்க வைக்கிறோம்.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் பெண்ணின் உடலில் உள்தோல் மெலிந்து எளிதில் சிராய்ப்புறும். கிருமி நுழைய அது வழியாகிறது. கருத்தரிக்கும் அச்சம் நீங்கிவிட்டதால் ஆணுறையும் வீட்டில் இடம்பெறாது. இதையெல்லாம் ஒரு மூதாட்டியிடம் எடுத்துச் சொல்வார் யாருமில்லை. கணவர் ஒருவரையன்றி வேறெவரையும் அறியாத பெண், தமக்கு இந்நோய் வரக்கூடும் என்று கனவிலும் நினைப்பதில்லை.

அப்பெரியவர் மறைந்த அன்றிரவு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். ஜனாஸாவைத் துணியாலும் பிளாஸ்டிக் தாளாலும் சுற்றி அனுப்பிய மருத்துவமனை ஊழியர் ஒருவர், பிரிக்காமல் அப்படியே அடக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். மகன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். “மாமா, அத்தாவைக் குளிப்பாட்டாமலா அனுப்புவது? யாரை நான் கூப்பிடுவேன்? காரணம் கேட்டால் என்ன சொல்வேன்?” என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். நாம் தொலைபேசியில் அந்த இளம் மருத்துவரை அழைத்துக் கேட்டோம். கையுறையும் மேலங்கியும் அணியுங்கள், புண் இருந்தால் கட்டி மூடுங்கள், நீர்க்கசிவு பட்ட இடத்தை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள், பிறகு சோப்பிட்டுக் கைகழுவுங்கள், தாராளமாகக் குளிப்பாட்டலாம் என்றார் அவர். எந்த மய்யித்தைக் குளிப்பாட்டினாலும் இவ்வாறு செய்வது நன்று என்றும் சொன்னார். மகனும், அவருடைய மைத்துனரும், நாமுமாக மூவர் அக்கடமையைச் செய்தோம். முப்பது ஆண்டுகள் சூளையில் வெந்த அந்தக் கைகளில் பழைய தீக்காயத் தழும்புகள் இருந்தன. உளூச் செய்விக்கும்போது அவற்றைக் கண்டோம். கஃபனிட்டு, தொழுகை நடத்தி, ஃபஜ்ருக்குப் பின் அடக்கம் செய்தோம்.

பின்னர் எப்படியோ செய்தி கசிந்தது. மெதுவாக நம்மிடம் வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ‘அவருக்கு எப்படி வந்தது?’ எந்த வயதில், எந்த ஊரில், எந்த வழியில் என்று அறியும் ஆவல் அவர்களுக்கு. அதற்கு விடை நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் விரும்பவும் இல்லை. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் திருமறை தடுத்திருக்கிறது. மார்க்கம் ஒருபுறமிருக்க, மருத்துவத்துக்கும் அவ்விடையால் பயனில்லை. எவ்வழி வந்த கிருமியாயினும் மருந்து ஒன்றே. பயனுள்ள கேள்வி ‘எப்படி வந்தது’ என்பதன்று. ‘ஏன் இத்தனை தாமதமாகத் தெரிந்தது’ என்பதே. அதை ஒருவரும் கேட்கவில்லை.

பெரியவர் ஒருவர், “எல்லாம் தக்தீர். முன்பே தெரிந்திருந்தாலும் போகிற உயிர் போகத்தான் செய்யும்” என்றார். அவரிடம் நாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினோம். சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, ஸர்க் என்னுமிடத்திலிருந்து அவர்கள் படையுடன் மதீனாவுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். சோதனையும் மருந்தும் அந்த மற்றொரு விதியைச் சேர்ந்தவை அல்லவா?

இவ்வாறு நாம் வாதிட்டதற்கு அந்த வீட்டிலேயே சான்று இருக்கிறது. கணவரின் முடிவு தெரிந்த வாரத்திலேயே மனைவியாரையும் அந்த மருத்துவர் சோதித்தார். அவருக்கும் கிருமி இருந்தது. ஆனால் அவருடைய அணுக்கள் நானூறைத் தாண்டி இருந்தன. நோயின் அறிகுறி எதுவும் தோன்றவில்லை. ஒரே வீடு, ஒரே கிருமி, ஏறத்தாழ ஒரே வயது. ஒருவரிடம் கேள்வி தாமதமாக வந்தது. மற்றவரிடம் வேளையோடு வந்தது. இத்தாவில் இருந்த நாட்களிலேயே அவர் மருந்தைத் தொடங்கினார். ‘இந்த வயதில் எனக்கு எதற்கு?’ என்று முதலில் மறுத்தவரை, மகள்தான் வற்புறுத்தி இணங்க வைத்தார். இன்று இஷாவுக்குப் பின் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் அவருடைய சிகிச்சை. அணுக்களின் எண்ணிக்கை பார்த்துத்தான் மருந்து என்ற பழைய முறையும் இப்போது இல்லை. கிருமி உறுதியானால் உடனே சிகிச்சை என்பது 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் கொள்கை.

முதியவரின் சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இப்போது பெரும்பாலோர்க்கு வழங்கும் டோலுடெக்ராவிர் என்னும் மருந்தை உண்போர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உண்டால் அதன் அளவை மருத்துவர் குறைக்க நேரும். வயிற்றெரிச்சல் மருந்துகளில் சிலவற்றையும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்டு இடைவெளி விட்டே உண்ண வேண்டும். ஆகவே தாம் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுவது நலம். தவறாமல் உண்டுவந்தால், குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்கு உடலுறவால் கிருமி தொற்றுவதில்லை என்பது பெரும் ஆய்வுகளால் உறுதியாகியிருக்கிறது. பேரக்குழந்தையை முத்தமிடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே தொழுகைப் பாயில் அமர்வதாலோ இது ஒருபோதும் தொற்றாது. அந்த அம்மையாரின் மருமகள் தொடக்கத்தில் டம்ளரைத் தனியே வைத்தார், இப்போது வைப்பதில்லை.

வெளியே தெரிந்துவிடும் என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. எச்.ஐ.வி. உள்ளோர் நலனுக்காக 2017இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் இசைவின்றிச் சோதிப்பதையும், அவரது நிலையை வெளியிடுவதையும், மருத்துவத்திலும் வேலையிலும் அவரை ஒதுக்குவதையும் அச்சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு முன்பே நம் மார்க்கம் பிறரின் மறைவைப் பேணச் சொன்னது. ஒரு முஸ்லிமின் மறைவைக் காப்பவனின் மறைவை இறைவன் காப்பான் என்ற கருத்தை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டதை நோயாளியின் வாசலில் கடைப்பிடிப்பதே எஞ்சியுள்ளது.

இனி நம் வீடுகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். காரணமின்றி எடை குறைதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஒரு மாதத்துக்கும் மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, வாயில் வெண்படலம், அக்கி, அடிக்கடி வரும் நுரையீரல் காய்ச்சல், காசநோய் ஆகியவை ஒரு பெரியவரிடம் கண்டால், சர்க்கரையைச் சோதிப்பது போலவே எச்.ஐ.வி.யையும் சோதிக்கச் சொல்லுங்கள். நூற்றில் பெரும்பாலோர்க்கு இல்லை என்றே விடை வரும். வந்தால் ஒரு கவலை தீர்ந்தது. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயர்ப்பலகையைப் பாருங்கள். அங்கே சோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே விவரம் கேட்கலாம். மஹல்லாவில் மருத்துவ முகாம் நடத்தும் இளைஞர்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்புரை என்னும் பட்டியலோடு இதற்குரிய ஆலோசனையையும் சேர்த்தால், எவரும் தனியே சுட்டப்படாமல் எல்லாரும் பயன் பெறுவர். மய்யித் குளிப்பாட்டுவோர்க்குக் கையுறையும் மேலங்கியும் பள்ளிவாசலிலேயே எப்போதும் இருப்பில் இருக்கட்டும். அப்போது எந்த மகனும் தன் தந்தையின் நோயைச் சொல்லி உதவி கேட்க வேண்டிய நிலை வராது.

முதுமைக்கு மருந்தில்லை, அது உண்மை. அதனால்தான் முதியவரிடம் காணும் ஒவ்வொரு நலிவையும் முதுமையின் கணக்கில் எழுதுமுன் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பது அவர்களுக்கு அவமரியாதை ஆகாது. மறைந்த அப்பெரியவருக்கு இறைவன் மன்னிப்பும் அருளும் வழங்குவானாக! நம் பெரியோர்க்கு நோய் நீங்கிய நீண்ட வாழ்வையும், நமக்கு வேளையறிந்து கேட்கும் துணிவையும் தருவானாக! ஆமீன்.